கான்டெஸாவுக்கு ஜெசிந்தா மூக்கு வைத்த கதை

விழுப்புரத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஜெசிந்தா வீடு எது என்று கேட்டால், தெருப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளைக் கார் நிற்கிற வீடு என்றுதான் கை காட்டுவார்கள். அது கான்டெஸா கார். பெட்ரோல் வண்டி. முன்பக்கம் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போடுகிற அளவுக்கு நீண்டு கிடக்கும். பின்சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்த பிறகும் ஓர் அத்தைக்கு இடம் இருக்கும். இந்த வண்டியை இப்போது யாரும் செய்வதில்லை. செய்யாததால்தான் கல்யாணக்காரர்களுக்கு அதன் மேல் ஆசை. போட்டோ எடுக்க வருகிறவர்கள் பெண்ணை நிற்க வைத்துவிட்டு முதலில் வண்டியைத்தான் எடுப்பார்கள்.

வண்டியை வாங்கியவன் அவள் புருஷன் அலெக்ஸ். ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் டிரைவராக இருந்தான். முதலாளி புது வண்டி வாங்கியதும் பழையதை அவனிடமே தள்ளிவிட்டார். அவன் அதைக் கல்யாண வண்டி ஆக்கினான். வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேன்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மாப்பிள்ளையைவிட அவன்தான் எடுப்பாகத் தெரிவான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் எந்த ஊரில் ராத்திரி பேண்டு அடித்தாலும், பேண்டுக்குப் பின்னால் அந்த வெள்ளை வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்.

ஜெசிந்தா அந்த நாளில் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். அலெக்ஸுக்குச் சர்க்கரை வந்து கண் மங்கத் தொடங்கியபோது, வற்றிய ஏரிக்குள் வண்டியை இறக்கி அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுத்தான் என்பது பேச்சுக்கு. அவன் கத்துவான். இவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வீட்டைப் பார்த்து நடப்பாள். அவன் பின்னாலேயே வந்து சமாதானம் சொல்லிக் கூட்டிப்போவான். அந்தக் கோடை முடிவதற்குள் அவளுக்குக் கை வந்துவிட்டது. லைசென்ஸ் எடுத்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேலையும் கிடைத்தது. இன்றைக்கும் சோறு போடுகிறது அந்த வேன்தான்.

அலெக்ஸ் போய்ச் சேர்ந்ததும், கான்டெஸாவை விற்றுவிடு என்று சொல்லாத ஆள் பாக்கி இல்லை. அவள் விற்கவில்லை. லீவு நாளில் கல்யாணம் வந்தால் தானே ஓட்டிக்கொண்டு போனாள்.

அங்கேதான் வந்தது சிக்கல். அவள் தாலி இறங்கியவள். பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனால் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை. கல்யாண வண்டி அப்படி இல்லையே. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஏறுகிற முதல் வண்டி. முகத்துக்கு நேராக ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வண்டி மட்டும் வரட்டும், டிரைவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று போனில் நைசாகக் கேட்பார்கள். நான் இல்லாமல் வண்டி வராது என்று அவளும் நைசாகச் சொல்லி வைத்துவிடுவாள். அன்றைக்குப் பூராவும் வீட்டில் பாத்திரம் உருளுகிற சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

போன வருஷம் கத்திரி வெயிலில் வளவனூரில் ஒரு கல்யாணம். இப்போது ராத்திரி ஊர்வலம் குறைந்துபோய்விட்டது. அனுமதி வாங்குவது பெரிய பேஜாரு. தாலி கட்டிய கையோடு பட்டப்பகலில் ஊர்வலத்தை முடித்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. பேண்டுக்காரர்கள் ஓர் அடி எடுத்து வைத்தால் வண்டியும் ஓர் அடி. பாதித் தெரு போவதற்குள் எஞ்சின் இருமத் தொடங்கியது. மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றேவிட்டது. சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு இறங்கி வெயிலில் நடந்து போனார்கள்.

கூட்டத்தில் ஒரு அம்மாள் சொன்னார்: "தாலி இல்லாதவ கையில கல்யாண வண்டியக் குடுத்தா வேற இன்னா ஆவும்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உலை கொதித்துவிட்டதா என்று கேட்பது மாதிரிச் சொன்னார். வெயில் சாய்ந்த பிறகு அதே வண்டி ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. வண்டி நின்ற சேதி மட்டும் வளவனூரைத் தாண்டி எல்லா ஊருக்கும் போனது. அதற்குப் பிறகு கல்யாணக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் திண்டிவனத்திலிருந்து தென்னரசு வந்தார். அலெக்ஸோடு ஒன்றாகத் திரிந்தவர், இப்போது டீக்கடை வைத்திருக்கிறார். அவர் மகள் செலினுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த வெள்ளைக் காரில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம். தென்னரசுக்கும் ஆசைதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் சவுரியம்மாள் என்று ஓர் அத்தைக்காரி இருக்கிறார், அவர் சொல்லித்தான் அங்கே உப்புகூடப் போடுவார்கள், அவருக்கு வளவனூர் சேதி எப்படியோ எட்டிவிட்டது என்று தென்னரசு தயங்கித் தயங்கிச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அன்றைக்கு மட்டும் வேறு டிரைவர் போட்டுக்கொள்ளலாமா என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டி வந்தா நான்தாண்ணே ஓட்டுவேன்" என்றாள் ஜெசிந்தா.

"நின்னுடுச்சின்னா இன்னாம்மா பண்றது? பொண்ணு குடுக்கற எடம்."

"நின்னுடுச்சின்னா அங்கியே சாவிய உங்க கையில குடுத்துட்டு பஸ் ஏறி வந்துடறேன். அப்பறம் எந்தக் கல்யாண வண்டிலயும் கை வெக்க மாட்டேன். போதுமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

வார்த்தையைக் கொடுத்துவிட்டாள். வண்டி ஏன் நின்றது என்று அதுவரை அவளுக்கே தெரியாது. மறுநாளே ஒர்க்ஷாப் வேங்கடேசனிடம் ஓட்டிக்கொண்டு போனாள். உச்சி வெயில் வரட்டும், அப்போது பார் என்று சொல்லி, எஞ்சினை ஓட விட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எஞ்சின் இருமத் தொடங்கியதும் வேங்கடேசன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அக்கா, உன் வண்டிக்கு மூக்கே இல்லியே" என்றான்.

எஞ்சினுக்கு மேலே மூடி போட்ட வட்டத் தகர டப்பா ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் ஏர் கிளீனர். எஞ்சின் மூச்சு விடுகிற இடம். அதன் பக்கவாட்டில் மூக்கு மாதிரி ஒரு குழாய் நீண்டிருக்க வேண்டும். மூக்கிலிருந்து மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் ஹோஸ் முன்பக்கம் வரைக்கும் போய், வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவர வேண்டும். இவள் வண்டியில் மூக்கும் இல்லை, ஹோஸும் இல்லை. டப்பாவில் வெறும் ஓட்டைதான் இருந்தது. அடுப்பு மேல் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினால் எப்படி இருக்கும், அப்படி எஞ்சின் தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் வேகமாகப் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும், தெரியாது. ராத்திரி ஊர்வலத்திலும் தெரியாது. பகல் வெயிலில் ஆள் நடக்கிற வேகத்தில் போனால் பெட்ரோலே கொதித்துவிடும் என்று வேங்கடேசன் சொன்னான்.

மூக்கு எங்கே போனது என்று அவனுக்கும் தெரியவில்லை. எந்த ஒர்க்ஷாப்பிலோ கழற்றி விற்றிருப்பான் என்றான். அந்த முகம் தெரியாத திருடனை ஜெசிந்தா வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். அவன் வீட்டு அடுப்பு எரியாமல் போக என்றுகூடச் சொன்னாள். அது கொஞ்சம் அதிகம்தான்.

கடையில் அந்தச் சாமான் கிடைக்கவில்லை. பாண்டிச்சேரியில் பழைய இரும்புக் கடைகளில் தேடியும் இல்லை. வல்லத்துப் பக்கம் மணிமாறன் என்கிற விவசாயியின் களத்தில் ஒரு செத்த கான்டெஸா கிடப்பதாக வேன் டிரைவர் ஒருவன் சொன்னான். போனாள். வேப்பமரத்தடியில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்குப் பக்கத்தில் பானெட் இல்லாமல் கிடந்தது. உள்ளே ஏர் கிளீனர் டப்பா இருந்தது. அதில் மூக்கும் இருந்தது. மூக்கு மேல் வாலை வைத்துக்கொண்டு ஒரு பெட்டைக் கோழி அடை உட்கார்ந்திருந்தது.

மணிமாறனின் சம்சாரம் ராஜாமணி வந்து, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்றாள். கூடையில் வைத்தால் ஆகாதா என்று ஜெசிந்தா கேட்டாள். இடம் மாற்றினால் கோழி எழுந்துவிடும், முட்டையெல்லாம் கூழாகிவிடும் என்றாள் ராஜாமணி. எனக்குக் கல்யாணம் இருக்கிறது என்றாள் இவள். கோழிக்கு அது தெரியாது என்றாள் அவள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. கடைசியில் ஜெசிந்தாதான் இறங்கி வந்தாள். கோழியோடு மல்லுக்கு நிற்க முடியாது. அடுத்து அவள் போனபோது களத்தில் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. ராஜாமணியே ஸ்பேனரைக் கொண்டுவந்து கொடுத்து, டப்பாவிலிருந்து எச்சத்தைத் துடைத்தும் விட்டாள்.

மூக்கு கிடைத்தது. ஹோஸ் தொட்டதும் பொடிந்துவிட்டது. ஹோஸின் முன் வாய், ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒதுக்கமாக உட்கார வேண்டிய பிளாஸ்டிக் துண்டு, அதை எலி கடித்துத் தீர்த்திருந்தது. வேங்கடேசன் தலையைச் சொறிந்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிராக்டர் சாமான் கடைக்குப் போய் அதே பருமனில் ஒரு டிராக்டர் ஹோஸ் வாங்கி வந்தான். மூக்கில் மாட்டி கிளிப் போட்டு முடுக்கினான். ஒதுக்கமாக வைக்கத்தான் வாய்த்துண்டு இல்லையே, அதனால் ஹோஸை நேராக முன்பக்கம் கொண்டுபோய் கிரில்லுக்குப் பின்னால் வாயைத் திறந்த மாதிரி வைத்துக் கட்டினான். பூச்சி போகாமல் இருக்கக் கம்பி வலை போட்டான். இனி எதிர்க்காற்றை நேராக வாங்கும் என்றான்.

அவன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஜெசிந்தா கல்யாணத்துக்குப் போவாளா? நல்ல உச்சி வெயிலில், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக ஆலைக்குப் போகிற ரோட்டில், கடைசி டிராக்டருக்குப் பின்னால் வண்டியைச் சேர்த்தாள். டிராக்டர் நின்றால் இவளும் நின்றாள். நகர்ந்தால் நகர்ந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். ஆலை கேட்டு வரைக்கும் எஞ்சின் ஒரு இருமல் இருமவில்லை. அவள் அங்கேயே ஒரு கரும்பை உருவிக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே திண்டிவனம் போய்விட்டாள். சந்தன நிறத்தில் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். பூக்கடை முத்துசாமி வந்து வண்டியை ஜோடித்தான். அலெக்ஸ் காலத்திலிருந்து ஜோடிக்கிறவன்தான். மேலே ரோஜாப் பந்து, கதவுகளில் சம்பங்கிச் சரம், முன்பக்கம் கிரில் தெரியாமல் கனமான சாமந்தி மாலை, மாலைக்கு நடுவில் ஜிகினா ரிப்பன். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஜெசிந்தாவுக்கும் தோன்றவில்லை. கல்யாண வண்டிக்குப் பூக் கட்டாமல் வேறு எதற்குக் கட்டுவது?

மாதா கோயிலில் கல்யாணப் பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பேண்டுக்காரர்கள் வரிசை கட்டினார்கள். சவுரியம்மாள் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். அவராகவே கேட்டு வாங்கிய இடம் அது. கண்ணுக்கு எதிரில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வந்திருக்கிறார் என்பது ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. தென்னரசு வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

முதல் தெரு நன்றாகப் போனது. இரண்டாவது தெரு திரும்பியதும் காலடியில் ஏதோ மாறுவதை அவள் உணர்ந்தாள். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மேலே வர மறுத்தது. வளவனூரில் இருமியது மாதிரி இல்லை இது. வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினால் ஓர் ஆள் திமிறுவானே, அந்த மாதிரித் திமிறல். வண்டி உடம்பு பூரா நடுங்கியது. பின்சீட்டில் செலின் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சவுரியம்மாள் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, இங்கியும் ஆரம்பிச்சிடுச்சா?" என்றார்.

 இன்னும் கொஞ்ச தூரத்தில் அதுவாக நின்றுவிடும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. நின்றால் எல்லாம் முடிந்தது. அவள் கியரை எடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைக்காமல் கதவைத் திறந்து இறங்கினாள். பேண்டு நின்றது. தென்னரசின் முகம் செத்துப்போனது. பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் மாலையை ஒரு பக்கமாக விலக்கிப் பார்த்தாள்.

கிரில் இடுக்கு வழியாகச் சாமந்தி இதழ்களை எஞ்சின் உறிஞ்சி வைத்திருந்தது. கம்பி வலை கண்ணுக்கே தெரியவில்லை. இதழ் மேல் இதழாக அடை அப்பியிருந்தது. அதற்கு மேல் ஜிகினா ரிப்பன் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மாலையை அறுத்து எடுத்தாள். பானெட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டு, ரிப்பனை உருவி, இதழ்களைப் பிடி பிடியாக வழித்து வெளியே போட்டாள். கடைசிப் பிடி வந்ததும் எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டது மாதிரிச் சத்தம் மாறிச் சீராக ஓடத் தொடங்கியது. தெருவில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

 கையில் கசங்கின சாமந்தி. மூக்கை எந்தத் திருடனும் கழற்றவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அலெக்ஸே கழற்றியிருக்கிறான். அப்போதும் வாய்த்துண்டு உடைந்து குழாய் கிரில்லைப் பார்த்து நின்றிருக்கும், இதே மாதிரி ஏதோ ஒரு ஊர்வலத்தில் பூவை உறிஞ்சி மூச்சு முட்டியிருக்கும். பூ வேண்டுமா, குழாய் வேண்டுமா என்று பார்த்திருப்பான். பூ இல்லாமல் கல்யாணம் ஏது, குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டான். ராத்திரி ஊர்வலம், குளிர் காற்று, குழாய் இல்லாமலே காலம் ஓடிவிட்டது. வீட்டில் ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லவில்லை. அந்த ஆள் எதைத்தான் சொன்னான்?

சவுரியம்மாளும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றிருந்தார். வலையைக் குனிந்து பார்த்தார். கீழே கிடந்த பூக்குவியலைப் பார்த்தார்.

"வண்டி நின்னுடுச்சே" என்றார்.

"நிக்கல பெரியம்மா. ஓடிக்கினுதான் இருக்குது, காது குடுத்துக் கேளுங்க. மூச்சு முட்டுச்சி, பூவ எடுத்தேன்."

"முன்னாடி மொட்டையா இருக்குதே. கல்யாண வண்டி பூ இல்லாமப் போறதா?"

"பூவோட இங்கியே நிக்கட்டுமா, பூ இல்லாம மண்டபத்துக்குப் போவட்டுமா? நீங்களே சொல்லுங்க."

பேண்டு மேஸ்திரி, தென்னரசு, பின்சீட்டிலிருந்து தலையை நீட்டிய செலின், எல்லோரும் சவுரியம்மாளைப் பார்த்தார்கள். அவர் பானெட்டுக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பிறகு ஜெசிந்தா கையிலிருந்த அறுந்த மாலையை வாங்கி, மண் தட்டி, மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஜல்தியா எடும்மா. பந்தி ஆறிடப் போவுது" என்றார்.

பேண்டு மறுபடி அடித்தது. மொட்டை முகத்தோடு கான்டெஸா ஊர்ந்து ஊர்ந்து மண்டப வாசலில் போய் நின்றது. ஜெசிந்தா சாவியை எடுத்துத் தென்னரசு முன்னால் நீட்டினாள். கொடுத்த வார்த்தை அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை, வந்து சாப்பிடு என்று மட்டும் சொன்னார். பந்தியில் சிலர் வண்டி நின்றது என்றும் சிலர் நிற்கவில்லை என்றும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சவுரியம்மாள் காதில் அது விழுந்தபோது, பூ அடைத்துக்கொண்டது, என் கண்ணால் பார்த்தேன் என்று அங்கிருந்தே அதட்டினார். தாலியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த நினைப்பு அவருக்குப் போய்விட்டது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பூ என்று சொன்னார்.

ஊருக்குத் திரும்பியதும் வேங்கடேசன் வருத்தப்பட்டான். தன் தப்புதான் என்றான். தகரத்தை வளைத்து ஒரு வாய் செய்து, கம்பெனிக்காரன் வைத்த மாதிரி ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒதுக்கிவிடுகிறேன், அப்போது முன்னாடி எவ்வளவு பூ வேண்டுமானாலும் கட்டலாம் என்றான். அரை நாள் வேலைதான்.

ஜெசிந்தா வேண்டாம் என்றுவிட்டாள். நன்றாக ஓடுகிற வண்டியை யாருக்காகவும் பிரிக்க முடியாது என்றாள். அவன் எத்தனையோ சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை.

இப்போது கல்யாணத்துக்கு யாராவது போன் செய்தால் அவள் இரண்டு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறாள். நான்தான் ஓட்டுவேன், முன்பக்கம் பூ கட்டக் கூடாது. இரண்டாவதைக் கேட்டுவிட்டு அது எப்படிங்க என்று இழுக்கிறவர்கள் உண்டு. அப்படியே போனை வைத்துவிடுகிறவர்களும் உண்டு. சிலர் சரி என்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு, நேரத்துக்கு முன்னாடியே, வண்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.